புதுசு மாதிரி மின்னுகிற பழைய சப்மரீனர்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 44. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். பல வருடமாக ரோலக்ஸின் டைவிங் வாட்ச் சப்மரீனர் மேல் ஒரு கண். இப்போது வருகிற மாடல் என் மணிக்கட்டுக்குப் பெரிதாகத் தெரிகிறது. உற்பத்தி நின்றுபோன 16610 என்ற மாடல்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறது. பழைய வாட்ச் விற்கும் ஒரு கடையில் 1997ஆம் வருட வாட்ச் ஒன்றை, பெட்டி, பேப்பர் எல்லாம் சேர்த்து 13,500 வெள்ளி சொல்கிறார்கள். பாலிஷே போடாதது என்கிறார் கடைக்காரர். உண்மையிலேயே ஒரு கீறல் இல்லை. விளக்கை அணைத்தால் டயல் பளீரென்று எரிகிறது. ஃபோனில் எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? போட்டுக்கொண்டு கடலில் இறங்கலாமா? நிறுத்தப்பட்ட மாடல் என்பதால் விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார்களே, உண்மையா? "முப்பது வருடப் பழசுக்கு இவ்வளவு காசா?" என்று என் மனைவி கேட்கிறார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களை நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கீறல் இல்லை என்பது ஒன்று, இருட்டில் பளீரென்று எரிகிறது என்பது இன்னொன்று. எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் உறுத்தின. கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆன ஸ்டீலில் ஒரு கீறல்கூட இல்லையென்றால், ஒன்று அது லாக்கரிலேயே தூங்கியிருக்க வேண்டும், இல்லை கீறலோடு சேர்த்து ஸ்டீலையும் யாரோ தேய்த்து எடுத்திருக்க வேண்டும். எது நடந்தது என்று உங்கள் படங்களே சொல்லிவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் டயல். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி, 6 மணிக் குறிக்கு அடியில், டயலின் விளிம்பை ஒட்டிப் பாருங்கள். 'ஸ்விஸ் மேட்' என்று இரண்டு சொல் பொடி எழுத்தில் இருக்கிறது. 1997இல் வந்த சப்மரீனரில் அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்திருக்க வேண்டும். 'ஸ்விஸ்' என்று எழுதி, பக்கத்தில் 'டி' (T) எழுத்து, 'விடக் குறைவு' என்ற கணக்குக் குறி, 25 என்ற எண். அந்த டி, டிரிட்டியத்தைக் குறிப்பது. டயலில் இருக்கும் கதிரியக்கம் 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்று அர்த்தம். இருட்டில் எரிவதற்காக 1960களின் தொடக்கம் வரை டயலில் ரேடியம் பூசினார்கள். அது ஆபத்து என்று தெரிந்ததும் டிரிட்டியத்துக்கு வந்தார்கள். 1998 வாக்கில் ரோலக்ஸ் அதையும் விட்டுவிட்டு, கதிரியக்கமே இல்லாத லூமினோவாவுக்கு மாறியது. மாறிய புதிதில் கொஞ்ச காலம் டயலில் வெறும் 'ஸ்விஸ்' மட்டும் இருந்தது. 'ஸ்விஸ் மேட்' என்று வந்தது 2000ஐ ஒட்டித்தான்.

அதனால் இந்த டயல் இந்த வாட்சோடு பிறந்ததில்லை. பின்னால் ஏதோ ஒரு சர்வீஸில் மாற்றியிருக்கிறார்கள். முள்ளும் அப்போதே மாறியிருக்கும், இல்லையென்றால் டயலும் முள்ளும் ஒரே மாதிரி எரியாது. டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் சுமார் 12 வருடம். 1997இல் பூசியதில் இன்றைக்குக் கால் பங்குகூட மிச்சமில்லை, ஒளிரும் மாவும் களைத்துப் போயிருக்கும். அசல் டயலாக இருந்தால் விளக்கை அணைத்தபின் கண்ணை நன்றாகப் பழக்கிக்கொண்டு பார்த்தாலும் ஒரு மங்கல்தான் தெரியும், பெரும்பாலும் அதுவும் தெரியாது. பகலில் அந்தப் புள்ளிகள் வெள்ளையாக இருக்காது. பாலாடை நிறத்துக்கோ, லேசான மஞ்சளுக்கோ போயிருக்கும். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். கடைகளில் பணத்தாளைச் சரிபார்க்க வைத்திருக்கும் நீல விளக்கு இருக்கிறதல்லவா, அதை டயலில் காட்டி அணையுங்கள். டிரிட்டியம் விளக்குக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஒளிர்ந்து, எடுத்ததுமே செத்துவிடும். லூமினோவா விளக்கை எடுத்தபிறகும் நெடுநேரம் எரியும். டயலில் டி, 25 எல்லாம் சரியாக எழுதியிருந்து, விளக்கை எடுத்தபிறகும் விடாமல் எரிந்தால், பழைய டயலில் யாரோ புது மாவு நிரப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கதையை விட மோசம்.

இந்த டயல் போலி என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே சர்வீஸில் போட்ட அசல் டயலாகத்தான் தெரிகிறது. தினமும் கட்டி, இரவில் மணி பார்க்கிற ஆளுக்கு இது நல்லதும்கூட. ஆனால் கடைக்காரர் விலை சொல்வது சேகரிப்பாளர் விலை. அந்த விலையில் 1997ஆம் வருட டயலும் அடக்கம்.

அடுத்து கேஸ், அதாவது வாட்சின் ஸ்டீல் உடல். நான்காவது படம் பக்கவாட்டில் எடுத்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அந்தக் கோணத்தில் எடுத்து அனுப்புவதில்லை. செயின் மாட்டுகிற நான்கு கொம்புகளை நாங்கள் லக் என்போம். கம்பெனியிலிருந்து வரும்போது 16610இன் லக் மேல்பக்கம் ஒரே திசையில் கோடு கோடாக மங்கலாக இருக்கும், பக்கவாட்டு முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டும் சேருமிடம் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு. உங்கள் படத்தில் அந்த விளிம்பு வழுக்கிக்கொண்டு போகிறது. வெயிலில் வைத்த வெண்ணெய்க் கட்டியின் ஓரம் மாதிரி.

அதைவிடப் பெரிய சாட்சி, லக்கில் இருக்கும் துளை. அந்தக் காலத்து சப்மரீனரில் செயின் ஊசி வெளியிலிருந்தே தெரியும்படி லக்கில் துளை போட்டிருப்பார்கள். 2003ஐ ஒட்டித்தான் அதை அடைத்தார்கள். துளையின் வாய் சுத்தமான வட்டமாக, ஓரம் கூராக இருக்க வேண்டும். பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் பிடித்தால் துணி துளைக்குள்ளும் இறங்கும், வாய் புனல் மாதிரி விரியும். உங்கள் படத்தில் வலதுபக்கக் கீழ் லக்கின் துளை புனலாகிவிட்டது. அதே பக்கம் சாவியின் இரு புறமும் காவலுக்கு நிற்கும் தோள்களைப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட ஒல்லி. இந்த வாட்ச் ஒரு முறை இல்லை, இரண்டு மூன்று முறையாவது பஃப் கண்டிருக்கிறது. பாலிஷே போடாதது என்று கடைக்காரர் சொன்னது அவருக்கு விற்றவர் சொன்னதாக இருக்கலாம். பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதுவாரா என்று பாருங்கள்.

டயலை மாற்றலாம், முள்ளை மாற்றலாம், உள்ளே மெஷினில் தேய்ந்த உருப்படியை மாற்றலாம். தேய்ந்துபோன லக்கை மட்டும் பழையபடி ஆக்க முடியாது. லேசர் வெல்டிங்கில் ஸ்டீலை ஏற்றி மறுபடி வெட்டிச் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், வேலையும் அழகாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அது ஒட்டுப்போட்ட லக். சொல்லி விற்றால் குற்றமில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நானே அந்தப் பாவத்தைச் செய்தவன். வாட்ச் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. கடலுக்கடியில் வெல்டிங் வேலை பார்க்கிற ஒருவர் தன் 5513ஐக் கொண்டுவந்தார். தேதி காட்டாத பழைய சப்மரீனர் அது. சுற்று வளையம் கறுப்பு போய் சாம்பல் பூத்திருந்தது, புள்ளிகள் எல்லாம் நல்லெண்ணெய் நிறம். ஓடவை, கண்ணாடி மாற்று, அவ்வளவுதான் என்றார். நான் ஆர்வக்கோளாறில் அவருக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, கேஸைப் பஃப் போட்டுப் பளபளவென்று ஆக்கி, புதுக் கறுப்பு வளையம் போட்டு, முள்ளையும் மாற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பல வருடம் கழித்து வேறு ஏதோ வாட்சுக்கு வந்தவர், போகிற போக்கில் கேட்டார்: "அந்தப் பழைய வளையம் வைத்திருக்கிறாயா?" அன்று சாயங்காலமே குப்பையில் போட்டுவிட்டேன். இன்றைக்கு அந்த மாதிரி வெளுத்த வளையத்தை மட்டும் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். அதற்கப்புறம் நான் கழற்றிய எந்த உருப்படியையும் ஒரு கவரில் போட்டு வாட்சோடு கொடுக்காமல் அனுப்புவதில்லை.

நீங்களும் கடைசியில் எந்த வாட்சை வாங்கினாலும், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது படிவத்தில் எழுதிக் கொடுங்கள்: கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் வளையமும் என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். வாயால் சொன்னால் போதாது. கம்பெனி சர்வீஸ் மையங்களின் பார்வை வேறு. வாட்ச் புதுசு போல இருக்க வேண்டும், தண்ணீர் தாங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பக்கம் தப்பில்லை. அவர்கள் நினைக்கும் நல்ல வாட்சும் சேகரிப்பவர் நினைக்கும் நல்ல வாட்சும் வேறு வேறு, அவ்வளவுதான்.

சரி, செயினுக்கு வருவோம். ஐந்தாவது படத்தில் பூட்டைத் திறந்து எடுத்திருக்கிறீர்கள். உள்பக்கம் 'டிடி' (DT) என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் ஓர் எண். அந்த எழுத்து செயின் செய்த வருடத்துக்கான குறி, டிடி என்பது 2002. கேஸோடு சேரும் கடைசிக் கண்ணியையும் பாருங்கள், கெட்டியான ஒரே துண்டு. 1997இல் அந்த இடத்தில் தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற கண்ணிதான் வந்தது. கெட்டிக் கண்ணி 2000 வாக்கில் வந்தது. ஆக, செயினும் பின்னால் சேர்ந்தது. உபயோகத்துக்கு இதுதான் நல்ல செயின், பழையது ஆட்டினால் தகர டப்பா மாதிரி சலசலக்கும். ஆனால் 1997இன் முழு செட் என்ற பெயரில் இதை விற்கக் கூடாது.

பேப்பர் மேல் உங்களுக்கு நிறைய நம்பிக்கை என்று தெரிகிறது. அந்தக் காலத்து உத்தரவாதத் தாளில் வாட்சின் எண்ணை ஊசித் துளைகளாகக் குத்தியிருப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண் தெரியும். உங்கள் படத்தில் அது ஒழுங்காகவே இருக்கிறது, எண் 'யு'வில் தொடங்குகிறது. யு வரிசை 1997-98ஐ ஒட்டியது, அதனால் தேதியோடு ஒத்துப்போகிறது. ஆனால் தாளில் இருக்கும் எண் கேஸிலும் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் செயினைக் கழற்றவே இல்லை. 6 மணிப் பக்கம் இரண்டு லக்குக்கும் நடுவே வரிசை எண், 12 மணிப் பக்கம் நடுவே மாடல் எண். செயினைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றிக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். எண்ணின் வெட்டு கூர்மையாக, வெளிச்சத்தில் சாய்த்தால் வைரம் மாதிரி மினுக்க வேண்டும். அமிலம் வைத்து அரித்தது போல மண் மண்ணாக இருந்தால் வேண்டாம். எண் கிடைத்ததும், லண்டனில் இருக்கும் த வாட்ச் ரெஜிஸ்டர் மாதிரியான பதிவேட்டில் கொடுத்து, களவுபோன வாட்சா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெட்டியைப் பற்றி ஒரே வரி: பெட்டி தனியாக விற்பனைக்குக் கிடைக்கும், அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கண்ணாடியின் 6 மணிப் பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடியாக ஒரு கிரீடம் தெரியலாம். 2002 வாக்கில் தொடங்கிய வேலை அது. 1997 வாட்சில் அது இருந்தால் கண்ணாடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி உடைவதும் மாறுவதும் சாதாரணம், அதற்கு நான் விலை குறைக்க மாட்டேன்.

உள்ளே மெஷின். 3135 என்ற எண் கொண்டது. 1988இல் இந்த மாடலோடு வந்து, 2010இல் 16610 நின்றபிறகும் அடுத்த சப்மரீனரில் ஓடிய மெஷின். நான் கை வைத்ததில் மனசாரப் பாராட்டுகிற மெஷின்களில் ஒன்று. இப்படியும் அப்படியும் ஆடி நேரம் காக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொடுக்காமல், இரண்டு பக்கமும் ஊன்றிய முழுப் பாலம் போட்டிருப்பார்கள். தானாகச் சாவி ஏறும் பகுதியில் செம்பருத்தி நிறத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். முன்பு அந்தச் சிவப்பைப் பார்த்தே அசல் என்போம். இப்போது போலி செய்கிறவர்கள் அதையும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். அதனால் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், பாலத்தின் ஓரங்களைச் செதுக்கியிருக்கும் நேர்த்தியையும் திருகுத் தலைகளையும் பார்க்கத் தெரிந்தவரிடம் திறந்து காட்டுங்கள்.

இந்த மெஷினுக்கு ஒரு வியாதி உண்டு. சர்வீஸ் பார்க்காமல் ஓட்டினால், உள்ளே சுழலும் எடைத் தட்டின் அச்சு தேய்ந்து, தட்டு தொங்கி, மெஷினையும் மூடியின் உள்பக்கத்தையும் உரச ஆரம்பிக்கும். வாட்சைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மணல் உரசுகிற சத்தம் கேட்டால் சர்வீஸ் செலவு உங்கள் தலையில். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் மெஷினில் வைத்தால் மணிக்கு 28,800 துடிப்பு காட்ட வேண்டும். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 270 டிகிரியை ஒட்டி இருந்தால் சந்தோஷம், 220க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடையிலேயே அந்த மெஷின் இருக்கும், வைத்துக் காட்டச் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

கடலில் குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருப்பது வாட்ச் புதுசாக இருந்த நாளின் கணக்கு. தண்ணீரைத் தடுப்பது ஸ்டீல் இல்லை, ரப்பர் வளையங்கள்தான். மூடிக்கு அடியில், கண்ணாடியைச் சுற்றி, சாவியிலும் அது நுழையும் குழாயிலும் என்று நான்கைந்து இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர் வெக்கையில், வியர்வையில், அவை காய்ந்து தட்டையாகும். சாவித் தலையில் கிரீடத்துக்கு அடியே மூன்று புள்ளி இருக்கும், டிரிப்லாக் என்ற தண்ணீர் புகாத அடைப்பின் அடையாளம் அது. புள்ளி இருப்பதால் அடைப்பு இன்றும் வேலை செய்கிறது என்று ஆகாது. கடையில் காற்றழுத்தச் சோதனை வைக்கச் சொல்லுங்கள். தேறினால் செந்தோசாவிலோ ஈஸ்ட் கோஸ்ட்டிலோ தாராளமாக நீந்தலாம். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வருடம் ஒரு முறை மறுபடி சோதியுங்கள்.

மூடியைத் திறக்காமலே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. வாட்சை இளஞ்சூட்டுத் தட்டில் 40 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் வைத்து, கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்போம். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் பனி படர்ந்திருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. அப்படிப்பட்ட வாட்சில் முள் அச்சிலும் தேதிச் சக்கரத்திலும் துரு ஆரம்பித்திருக்கும்.

16610க்கு நான் சொன்ன தண்ணீர்க் கணக்கை 1960கள், 70களின் வாட்சுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட 5513ஐ யாராவது என்னிடம் கொண்டுவந்து நீந்தலாமா என்று கேட்டால், கை கழுவும்போதே கழற்றி வைக்கச் சொல்வேன். சோதனையில் தேறினாலும்தான். ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் போகிற டயல் திரும்பக் கிடைக்காது.

விலைக்கு வருவோம். நிறுத்தப்பட்டது என்பதும் அபூர்வம் என்பதும் ஒன்று இல்லை. 16610ஐ 1988லிருந்து 2010 வரை, இருபது வருடத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். லக்கி பிளாசாவிலும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் ஒரு மதியம் நடந்தால் நாலைந்தாவது கண்ணில் படும். அதே உடலில் பச்சை வளையம் போட்டு, சப்மரீனரின் 50ஆம் ஆண்டுக்கு 2003இல் விட்ட 16610எல்வி இருக்கிறதே, கெர்மிட் என்று செல்லமாகச் சொல்வார்கள், அது ஏழே வருடம்தான் வந்தது. அதனால் அதன் விலை தனி. அப்புறம் டயலும் பச்சையாக வந்த ஹல்க், 2020இல் நின்றது. நின்ற செய்தி வந்ததும் விலை குதித்தது. 2022 தொடக்கம் வரை பழைய ரோலக்ஸ் எல்லாமே ஏறியது, பிறகு இறங்கியது. உச்சியில் வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு இன்னும் புலம்புகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஏறும் என்றோ இறங்கும் என்றோ நான் சொல்ல மாட்டேன். சந்தை சரியும்போது முதலில் அடி வாங்குவது பஃப் போட்ட, டயல் மாறிய வாட்ச் என்பதை மட்டும் பல முறை பார்த்துவிட்டேன். நல்ல லக் உள்ள வாட்சுக்கு மோசமான காலத்திலும் ஒருவர் வந்து நிற்பார்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அவரிடம் முதலீடு என்று சொல்லாதீர்கள், நாளைக்கு அது உங்களையே கடிக்கும். 2010இல் வந்த அடுத்த மாடலில் லக்கைத் தடியாக்கி, வளையத்தைச் செராமிக் ஆக்கினார்கள். 2020இல் 41 மில்லிமீட்டருக்குப் போனார்கள். 40 மில்லிமீட்டரில், ஒல்லி லக்கோடு, வெயிலில் வெளுக்கிற அலுமினிய வளையத்தோடு சப்மரீனர் வேண்டுமென்றால் பழசைத்தான் வாங்க வேண்டும், வேறு வழி இல்லை. உங்கள் கைக்குப் பிடித்திருக்கிறது, தினமும் கட்டப்போகிறீர்கள், சர்வீஸுக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டி ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவையும் உள்ளபடி சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் முடிவு.

என் அபிப்பிராயம் இது. இந்த வாட்ச் அசல்தான், ஆனால் 1997இன் முழு செட் இல்லை. டயல், முள், செயின் மூன்றும் பின்னால் வந்தவை, கேஸ் தேய்ந்தது. 13,500 வெள்ளிக்கு வேண்டாம். கடைக்காரர் இதையெல்லாம் பில்லில் எழுதி, விலையை நன்றாக இறக்கினால், தினமும் கட்டுகிற வாட்சாக வாங்கலாம். இல்லையென்றால் லேசாகக் கீறல் விழுந்த, லக் கெட்டியாக இருக்கும், டயலில் டி எழுத்து இருக்கும் ஒன்றுக்குப் பொறுத்திருங்கள். பேப்பர் இல்லாவிட்டாலும் அதையே நான் எடுப்பேன். ரோலக்ஸே 2022 டிசம்பரில் தொடங்கிய பழைய வாட்ச் திட்டத்தில், கம்பெனி இரண்டு வருட உத்தரவாதத்தோடு அதிகாரபூர்வக் கடையில் வாங்கவும் வழி இருக்கிறது. விலை கூடுதல், நிம்மதியும் கூடுதல். ஆனால் அங்கேயும் லக்கையும் டயலையும் இதே கண்ணோடுதான் பாருங்கள்.

காசு இடிக்கிறது என்றால் ஒமேகா சீமாஸ்டர் 2531.80 பக்கம் ஒரு கண் போடுங்கள். நீல அலை டயல், 10 மணிப் பக்கம் ஹீலியம் வால்வு, அதுவும் 300 மீட்டர்தான். அந்த வால்வு உங்களுக்கும் எனக்கும் ஜன்மத்தில் தேவைப்படாது, கடலடி அறையில் நாள்கணக்கில் தங்கி வேலை பார்க்கும் டைவர்களுக்கானது. மெஷின் ஈட்டா என்ற ஸ்விஸ் கம்பெனியின் 2892 வழி வந்தது, எந்த நல்ல மெக்கானிக்கும் கை வைப்பார். உற்பத்தி நின்று பல வருடம் ஆகியும் விலை இன்னும் பிடிக்குள் இருக்கிறது. எனக்கு அதன் செயின் பிடிக்காது, அது என் ரசனை.

எதை எடுப்பதாக இருந்தாலும், கடைக்காரரிடம் கழற்றி வைத்த மிச்சக் கண்ணிகளைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். உங்கள் படத்தில் செயின் சின்னக் கைக்கு அளந்தது மாதிரி தெரிகிறது. கண்ணி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் பூட்டே மாட்டாது. அடுத்த முறை பார்க்கும் வாட்சைச் செயின் இல்லாமல், லக்குக்கு நடுவேயும் ஒரு படம், மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இல்லை, கடைக்காரர் சம்மதித்தால் நேரிலேயே கொண்டுவாருங்கள். சனிக்கிழமை 11 மணிக்கு மேல் பேட்டரி மாற்ற வருகிறவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும், அதற்கு முன்னால் வந்தால் நிதானமாகத் திறந்து பார்க்கலாம்.